மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை

ஆனி மாதம் சாரல் பிடித்துவிட்டால், தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் ஐந்து கிலோமீட்டர் சாலையில் பார்க்காத வண்டி இருக்காது. வேன், ஆட்டோ, சுற்றுலாப் பேருந்து எல்லாம் பழைய கதை. இப்போது ஆரியங்காவு தாண்டி, புளியரை வளைவுகளில் இறங்கி, செங்கோட்டை வழியாகக் கேரவன்களும் வருகின்றன. கேரவன் சுற்றுலாவுக்கென்றே கேரள அரசு 2021-இல் தனிக் கொள்கை அறிவித்தது. நம் பக்கத்தில் கேரவனை முதலில் அறிமுகம் செய்தவர்கள் சினிமாக்காரர்கள். சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி வயலோரம் படப்பிடிப்பு நடந்தால், நட்சத்திரத்தின் வண்டி ஆலமரத்து நிழல் தேடி நிற்கும்.

வண்டி யாருடையதாக இருந்தாலும் உள்ளே எழும் புகார் ஒரே மாதிரிதான். “மோட்டார் ஓடுது, தண்ணி வரல.” அல்லது, “ஃப்ளஷ் அழுத்தினா நூலாட்டம் வருது.” கொஞ்ச நாள் போனால், “உள்ள நிக்க முடியல, நாத்தம்.” கூப்பிடு தூரத்தில் பேரருவி சுமார் 60 மீட்டர் உயரத்திலிருந்து கொட்டிக்கொண்டிருக்க, வண்டிக்குள் கை கழுவத் தண்ணீர் இல்லை.

இந்தப் புகார்களைத் தண்ணீர்க் கோளாறு என்று எண்ணித்தான் எல்லோரும் மோட்டாரைக் கழற்றுகிறார்கள். பெரும்பாலும் அது காற்றுக் கோளாறு. காற்று வரக்கூடாத இடத்தில் புகுந்திருக்கும். அல்லது இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் போயிருக்கும். எந்தப் பக்கம் என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில், வண்டிக்குள் மோட்டார் எதற்கு? வீட்டில் மொட்டைமாடித் தொட்டி இருக்கிறது. தொட்டி எவ்வளவு உயரமோ, குழாயில் அவ்வளவு அழுத்தம். பத்து மீட்டர் உயரத் தண்ணீர் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் தரும். கேரவனின் கூரைக்கும் குழாய்க்கும் இடையே இரண்டு மீட்டர்கூட இருக்காது. அங்கே தொட்டி வைத்தால் ஷவரில் தண்ணீர் சொட்டும், அவ்வளவுதான். தவிர, 200 லிட்டர் என்றால் 200 கிலோ எடை. அதைத் தலையில் சுமந்துகொண்டு மலைப்பாதை வளைவில் திரும்புவது நல்லதல்ல. அதனால் தொட்டி வண்டிக்கு அடியில் போனது. ரயிலிலும் இதே மாற்றம்தான் நடந்தது. பெரம்பூர் ஐ.சி.எஃப். தயாரித்த பழைய பெட்டிகளில் தொட்டி கூரைக்குள் இருந்தது. தண்ணீர் தானாக இறங்கியது. இப்போதுள்ள எல்.எச்.பி. பெட்டிகளில் பெரிய தொட்டிகள் அடிச்சட்டத்தில் தொங்குகின்றன. மோட்டார்தான் தண்ணீரை மேலே ஏற்றுகிறது.

கேரவனில் ஃப்ளஷுக்கென்று தனி சிஸ்டர்ன் பெரும்பாலும் கிடையாது. குழாய்க்கு வரும் அதே அழுத்தம்தான் கழிப்பறைக்கும். ஆகவே மோட்டார் சுணங்கினால் முதலில் சுணங்குவது ஃப்ளஷ்.

அந்த மோட்டார் கைக்கு அடக்கமானது. 12 வோல்ட் பேட்டரியில் ஓடும். உள்ளே விசிறி மாதிரிச் சுழலும் இம்பெல்லர் இல்லை. ஒரு ரப்பர் சவ்வு மேலும் கீழும் துடிக்கிறது. சவ்வு பின்வாங்கும்போது ஒரு சின்ன வால்வு திறந்து தண்ணீர் உள்ளே வரும். முன்னே வரும்போது இன்னொரு வால்வு வழியாக வெளியே போகும். குழாயை மூடியதும் அழுத்தம் ஏறும். குறித்த அளவை எட்டியதும் பிரஷர் சுவிட்ச் மின்சாரத்தைத் துண்டிக்கும். குழாயைத் திறந்தால் மறுபடி ஓடும். இதைப் புதிய பொருள் என்று நினைக்க வேண்டாம். நம் சமையலறை ஆர்.ஓ. எந்திரத்துக்குள் கிர்ரென்று ஓடுவதும் இதே இனம். பாவூர்சத்திரம், சுரண்டைப் பக்கத்து விவசாயி முதுகில் மாட்டிக்கொண்டு மருந்தடிக்கும் பேட்டரி ஸ்பிரேயருக்குள் இருப்பதும் இதே சவ்வு மோட்டார்தான், அதே 12 வோல்ட். ஞாயிற்றுக்கிழமை தென்காசியில் கேரவன் பம்பு படுத்துவிட்டால் கேரவன் உதிரிபாகக் கடையைத் தேடி அலைவது வீண். விவசாயக் கருவி விற்கும் கடைக்குப் போங்கள். ஸ்பிரேயர் மோட்டாரில் தண்ணீர் குறைவாகத்தான் வரும். ஊர் போய்ச் சேரும்வரை அது தாங்கும்.  ஆனால் மருந்தடித்த பழைய மோட்டாரைக் குடிநீர்க் குழாயில் மாட்டவே கூடாது. புதிதாக வாங்க வேண்டும்.

இந்தச் சின்ன மோட்டாரிடம் ஒரு விசித்திரம் உண்டு. இது வழக்கமாக 40 பி.எஸ்.ஐ. அழுத்தம்வரை தள்ளும். அதாவது ஏறத்தாழ 28 மீட்டர் உயரத்துக்கு, பேரருவியின் உயரத்தில் கிட்டத்தட்டப் பாதிக்கு, தண்ணீரை ஏற்றிவிடும். ஆனால் கீழே இருந்து இழுக்கச் சொன்னால், காலியான குழாயில் இரண்டு மீட்டர் இழுக்கவே திணறும். தள்ளுவதில் பயில்வான், இழுப்பதில் நோஞ்சான். ஏன்?

உண்மையில் எந்த மோட்டாரும் தண்ணீரை இழுப்பதில்லை. தன் பக்கம் அழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்கிறது, அவ்வளவே. தொட்டியில் உள்ள தண்ணீரின் மேல் உட்கார்ந்திருக்கும் வளிமண்டலம்தான் தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளி விடுகிறது. கிணற்று பம்பு எவ்வளவு முயன்றாலும் ஓர் உயரத்துக்கு மேல் தண்ணீரை ஏற்ற முடியவில்லை என்பதைக் கலிலியோ 1638-இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். காரணத்தை அவர் சரியாகப் பிடிக்கவில்லை. அவருடைய சீடர் டாரிசெல்லிதான் 1643 வாக்கில் பாதரசக் குழாயை வைத்து, தள்ளுவது காற்றின் எடைதான் என்று காட்டினார். கடல்மட்டத்தில் காற்று தாங்கக்கூடிய தண்ணீர்த்தூணின் உயரம் சுமார் 10.3 மீட்டர். குற்றாலத்தில் சற்றுக் குறைவு. ஊட்டிக்கு ஏறினால் 8 மீட்டருக்கும் கீழே போய்விடும். உலகத்திலேயே விலை உயர்ந்த மோட்டாரை வாங்கி மாட்டினாலும் இந்த எல்லையைத் தாண்டி உறிஞ்ச முடியாது.

தென்காசி வட்டாரத்து விவசாயிக்கு இதை யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. பெரிய கிணறுகளில் மோட்டாரைக் கரையில் வைக்காமல், கிணற்றுக்குள்ளேயே திட்டு கட்டி இறக்கி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கோடையில் தண்ணீர் இறங்கினால் மோட்டாரும் ஒரு படி இறங்கும். தள்ளும் உயரம் எவ்வளவு கூடினாலும் பரவாயில்லை, உறிஞ்சும் உயரம் ஏழெட்டு மீட்டரைத் தாண்டக் கூடாது என்பதுதான் அதன் கணக்கு.

கிணற்று மோனோபிளாக்குக்கும் கேரவன் சவ்வு மோட்டாருக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. மோனோபிளாக் தண்ணீரைச் சுழற்றி வீசி அழுத்தத்தை உண்டாக்குகிறது. அது உண்டாக்கும் அழுத்தம், சுழலும் பொருளின் அடர்த்தியைப் பொறுத்தது. காற்றோ தண்ணீரைவிடச் சுமார் 800 மடங்கு லேசு. உள்ளே காற்று மட்டும் இருந்தால் அந்த மோட்டார் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் ஒன்றும் நடக்காது. அதனால்தான் ‘ஏர் பிடிச்சிருச்சு’ என்று சொல்லி, மேல் மூடியைத் திறந்து குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். ஃபுட் வால்வு சரியாக மூடாவிட்டால் கரைத்த சாணியையும் சேர்த்து ஊற்றுவார்கள். சாணியில் உள்ள நார் கசியும் இடுக்குகளில் போய் அடைத்துக்கொள்ளும். கேலி செய்ய ஒன்றுமில்லை. பொறியியல் ரீதியாகச் சரியான வைத்தியம். கேரவனில் மட்டும் அதைச் செய்து பார்க்க வேண்டாம்.

சவ்வு மோட்டார் காற்றையும் நகர்த்தும், அதனால் தண்ணீர் ஊற்றிக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் சவ்வு எவ்வளவு முன்னே வந்தாலும் அறைக்குள் கொஞ்சம் இடம் மிஞ்சும். தண்ணீரை அமுக்க முடியாது. சவ்வு அசைந்த அளவு தண்ணீர் வெளியேறியே தீரும். காற்று அப்படியில்லை. மிஞ்சிய இடத்தில் சுருங்கி ஒடுங்கும், சவ்வு பின்வாங்கும்போது மறுபடி விரியும். இழுக்க வேண்டிய உயரம் கூடினால் வால்வு திறக்கவே திறக்காது. ஒரே காற்று உள்ளே சுருங்கி விரிந்துகொண்டிருக்க, மோட்டார் மட்டும் மும்முரமாக ஓடும்.

இப்போது முதல் புகாருக்கு வருவோம். மோட்டார் ஓடுகிறது, சத்தம் வழக்கத்தைவிட லேசாகவும் வேகமாகவும் கேட்கிறது, தண்ணீர் இல்லை; அல்லது குழாய் துப்பித் துப்பி வருகிறது. தொட்டியில் தண்ணீர் இருப்பதை டார்ச் அடித்துக் கண்ணால் பாருங்கள். அளவு காட்டும் விளக்கை நம்ப வேண்டாம். தண்ணீர் இருந்தால், தொட்டிக்கும் மோட்டாருக்கும் நடுவே எங்கோ காற்று நுழைகிறது. இந்தப் பக்கத்துக் கசிவு ஒழுகாது. வெளியே இருக்கும் அழுத்தம் அதிகம், குழாய்க்குள் குறைவு. ஆகவே தண்ணீர் வெளியே வராமல் காற்று உள்ளே போகும். தரை உலர்ந்திருப்பதைப் பார்த்து ‘எங்கயும் லீக் இல்ல சார்’ என்று பிளம்பர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. பெரும்பாலும் குற்றவாளி, மோட்டாருக்கு முன்னால் இருக்கும் ஃபில்டரின் கண்ணாடி மூடி. அருவியில் வெள்ளம் வந்த மறுநாள் மண்ணும் சருகும் கலந்த தண்ணீரை நிரப்பிவிட்டு, ஃபில்டரைக் கழற்றிக் கழுவி, ஓ-ரிங்கில் ஒரு மணல் துகளோடு திரும்ப மாட்டியிருப்பார்கள். அந்த ஒரு துகள் போதும்.

சந்தேகம் தீர எளிய வழி, வாளிச் சோதனை. மோட்டாரின் உறிஞ்சும் வாயில் அரை மீட்டர் ஹோஸ் மாட்டி, மறுமுனையை மோட்டார் மட்டத்திலேயே வைத்த வாளித் தண்ணீரில் போடுங்கள். அப்போது நன்றாக ஓடினால் மோட்டார் நிரபராதி. கோளாறு குழாயிலோ ஃபில்டரிலோ தொட்டியிலோ. அப்போதும் இழுக்காவிட்டால் சவ்வோ வால்வோ கிழிந்திருக்கிறது. பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் புது மோட்டார் வாங்குகிறவர்களே அதிகம்.

தொட்டியிலும் ஒரு காற்று விவகாரம் உண்டு. எண்ணெய் டின்னில் ஒரு துளை மட்டும் போட்டால் எண்ணெய் விக்கி விக்கித்தான் வரும்; எதிரே இன்னொரு துளை போட்டால் சரளமாக ஊற்றும். கேரவன் தொட்டியின் அந்த இரண்டாவது துளை, மேலிருந்து வெளியே போகும் ஒரு மெல்லிய மூச்சுக்குழாய். வண்டி இரண்டு மாதம் ஷெட்டில் நின்றால் அதற்குள் குளவி மண்கூடு கட்டிவிடும். அப்புறம் தொட்டிக்குள் காற்று போகாது. தண்ணீர் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உருவாகி, கொஞ்ச நேரம் நன்றாக வந்த தண்ணீர் நின்றுபோகும். தொட்டி மூடியைத் திறந்தால் ‘உஸ்’ஸென்று சத்தம் கேட்டு எல்லாம் சரியாகிவிடும். மூடினால் மறுபடி அதே கதை. நோய் இன்னதென்று அந்தச் சத்தமே சொல்லிவிடும்.

இரண்டாவது வகைக் கோளாறைக் கண்டுபிடிக்க நல்ல நேரம் நடுராத்திரி. எல்லாக் குழாயும் மூடியிருக்க, மோட்டார் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ‘டுர்ர்’ என்று ஒரு நொடி ஓடி நிற்கும். பேய் இல்லை. அழுத்தம் எங்கோ கசிகிறது. இது தள்ளும் பக்கம் என்பதால் ஈரம் தெரியும். நம் ஊர் வண்டிகளில் நான் முதலில் சந்தேகப்படுவது ஹெல்த் ஃபாசெட்டை; அடுத்து ஃப்ளஷ் வால்வை. கழிப்பறைப் பேசினின் உள்சுவரைத் துடைத்து உலர்த்தி, டால்கம் பவுடர் தூவி வைத்தால், கசியும் தண்ணீர் கோடு போட்டுக் காட்டிவிடும். எங்கும் ஈரமே இல்லையென்றால், மோட்டாரின் நான்-ரிட்டர்ன் வால்வு வழியாகத் தண்ணீர் தொட்டிக்கே திரும்பிப் போகிறது என்று பொருள்.

குழாயை லேசாகத் திறந்தால் மோட்டார் ‘டக்டக்டக்’ என்று நின்று நின்று ஓடுகிறதா? இங்கே நிலைமை தலைகீழ், காற்று போதவில்லை. தண்ணீர் அமுங்காது என்பதால், சொட்டுத் தண்ணீர் போனாலும் அழுத்தம் சரிந்து சுவிட்ச் விழும். சொட்டு வந்தாலும் ஏறிவிடும். இதற்காகத்தான் சில வண்டிகளில் மோட்டாருக்கு அடுத்து, காற்று அடைத்த சின்னச் சிலிண்டர் ஒன்றை வைக்கிறார்கள். உள்ளே உள்ள காற்று சுருங்கி விரிந்து அழுத்தத்தைச் சீராக்கும். அந்தக் காற்று மெல்ல மெல்லக் குறையும். மோட்டாரை அணைத்து, குழாயைத் திறந்து அழுத்தத்தை இறக்கிவிட்டு, சைக்கிள் பம்பால் நிரப்பலாம். எவ்வளவு நிரப்ப வேண்டும் என்பது சிலிண்டரிலேயே இருக்கும்.

காற்றோடு சம்பந்தமில்லாத ஒரு கோளாறையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதுதான் அதிகம் ஏமாற்றும். மோட்டார் மந்தமாக ஓடுகிறது, பேட்டரி நன்றாக இருக்கிறது. வயரைப் பாருங்கள். 5 ஆம்பியர் இழுக்கும் மோட்டாருக்கு, பேட்டரியிலிருந்து 6 மீட்டர் தூரம், போகவர 12 மீட்டர், ஒரு சதுர மில்லிமீட்டர் தாமிர வயர் போட்டிருந்தால், வயரிலேயே ஒரு வோல்ட் தொலைந்துபோகும். வீட்டு 230 வோல்ட்டில் ஒரு வோல்ட் யாருக்கும் தெரியாது. 12-இல் ஒன்று என்பது பன்னிரண்டில் ஒரு பங்கு. இரண்டரை சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் இழப்பு அரை வோல்ட்டுக்கும் கீழே இறங்கும். சாரல் காலத்து ஈரத்தில் பச்சை பூத்த இணைப்புகளும் இதே திருட்டைச் செய்யும். மோட்டார் மூச்சே விடவில்லையென்றால் ஃப்யூஸ், அப்புறம் பிரஷர் சுவிட்ச், அவ்வளவுதான்.

இனி கழிப்பறை. குழாயில் தண்ணீர் நன்றாக வருகிறது, ஃப்ளஷ் மட்டும் நூலாக வருகிறது என்றால் மோட்டாரை விட்டுவிடுங்கள். பேசினின் விளிம்புத் துளைகளில் உப்பு படிந்திருக்கும். மலையிலிருந்து வரும் தண்ணீர் மென்மையானது. சமவெளிப் போர் தண்ணீர் பாறையின் சுண்ணாம்பைக் கரைத்து எடுத்துவரும். சிட்ரிக் அமிலத்தைக் கரைத்து ஊறவைத்தால் படிவு கரையும். பாத்ரூம் ஆசிட் வேண்டாம். அது உப்போடு சேர்த்து உலோகத்தையும் ரப்பரையும் தின்றுவிடும்.

ரப்பர் போனால் அடுத்தது நாற்றம். வீட்டுக் கழிப்பறையில் வளைந்த குழாயில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நின்று, சாக்கடைக் காற்றை மறிக்கிறது. அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரத் தொழிலாளி 1775-இல் காப்புரிமை பெற்ற கழிப்பறையில் இருந்தது இந்த வளைவு. ஓடும் வண்டியில் அந்தத் தண்ணீர் தளும்பிப் போய்விடும். அதனால் கேரவனில் ஒரு தட்டு வால்வு. அதன் ரப்பர் விளிம்பின் மேல் விரற்கடைத் தண்ணீர். அந்தத் தண்ணீர் நிற்காமல் இறங்கினால் ரப்பரில் அழுக்கோ வெடிப்போ இருக்கிறது. துடைத்து, சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். சமையல் எண்ணெய் ரப்பரைக் கெடுக்கும்.

ரப்பர் சரி, தண்ணீரும் நிற்கிறது, ஆனாலும் ஃப்ளஷ் செய்யும்போது நாற்றம் குப்பென்று அடிக்கிறதா? கூரை எக்ஸாஸ்ட் ஃபேனைப் பாருங்கள். ஃபேன் ஓடினால் குளியலறைக்குள் அழுத்தம் சற்றுக் குறையும். தட்டைத் திறந்த நொடியில், கழிவுத் தொட்டியின் வாயு அந்த அழுத்தக் குறைவை நிரப்ப மேலே ஏறிவரும். நாற்றம் போகட்டும் என்று போட்ட ஃபேனே நாற்றத்தை இழுத்து வருகிறது. ஃப்ளஷ் முடிந்த பிறகு ஃபேன் போட வேண்டும். தட்டைத் திறந்ததும் குமிழ் வெடித்துத் தெறிக்கிறதென்றால் கழிவுத் தொட்டியின் மூச்சுக்குழாய் அடைபட்டிருக்கிறது. அங்கேயும் குளவிதான்.

சென்னை எழும்பூர்–திருநெல்வேலி வந்தே பாரத் 2023 செப்டம்பரில் ஓடத் தொடங்கியது. அதில் போனவர்கள் கழிப்பறையில் அந்த ‘ஸூப்’ சத்தத்தைக் கேட்டிருப்பார்கள். வீட்டு சிஸ்டர்ன் ஒரு தடவைக்கு 6 முதல் 10 லிட்டர் செலவழிக்கும் வேலையை, வெற்றிடக் கழிப்பறை மிகக் கொஞ்சம் தண்ணீரில் முடிக்கிறது. கீழே வெற்றிடத்தை உண்டாக்கிவிட்டால், பேசினில் உள்ளதை வளிமண்டலமே தள்ளிவிடும். டாரிசெல்லி கண்ட அதே காற்று.

கேரவன் கையேடுகள் மேலைநாட்டவருக்காக எழுதப்பட்டவை. பேப்பர் அடைத்துக்கொள்வதைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசும். நாம் தண்ணீரில் கழுவுகிறவர்கள். நமக்கு அடைப்பு குறைவு. ஆனால் அவர்களுக்கு ஒரு வாரம் தாக்குப்பிடிக்கும் தொட்டி நமக்கு இரண்டு மூன்று நாளில் நிறைந்துவிடும். பயணத்தைத் திட்டமிடும்போது இதைக் கணக்கில் எடுங்கள். பினாயிலும் ஆசிட்டும் தொட்டிக்குள் போகக் கூடாது. டி.ஆர்.டி.ஓ.வுடன் சேர்ந்து ரயில்வே பொருத்திய உயிரிக் கழிப்பறைகள் போலவே, பல வண்டிகளின் தொட்டியிலும் கழிவைச் செரிப்பவை பாக்டீரியாக்கள். கிருமிநாசினி அவற்றையும் கொல்லும்.

தொட்டி நிறைந்ததும் இருட்டில் ஓடையோரம் நிறுத்தி வால்வைத் திறந்துவிடும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. குற்றாலத்து ஓடையில் விட்டது சிற்றாற்றில் சேரும். சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. அதற்குக் கீழே வல்லநாட்டுப் பக்கத்திலிருந்துதான் தூத்துக்குடி மாநகரத்துக்குக் குடிநீர் போகிறது. உரிமம் பெற்ற கழிவுநீர் லாரியை அழைத்து, அதில் மட்டும் தொட்டியைக் காலி செய்யுங்கள்.